தோட்டா வெடிக்கவில்லை என்றால் துப்பாக்கியையா குறை சொல்வது?

துப்பாக்கி சுடுகிறவனுக்குப் பெரிய வெடிச்சத்தத்தைவிட எரிச்சலூட்டுகிற சத்தம் ஒன்று உண்டு. வெறும் 'டக்'. .22 ரிம்ஃபயர், அதாவது அடிக்கூட்டின் விளிம்பில் அடி விழுந்தால் வெடிக்கிற சின்னத் தோட்டாவைச் சுடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூச்சை அடக்கி, குறி பார்த்து, விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே வந்து, கடைசியில் டக். சரி, உடனே திறந்து பார்க்கலாமா என்றால் அதுவும் முடியாது. தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் இருக்கிறது என்பதால் குழலை இலக்குப் பக்கமே நீட்டிக்கொண்டு குறைந்தது அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் மூச்சும் போச்சு, தாளமும் போச்சு.

அப்புறம் வெளியே எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூட்டின் விளிம்பில் ஃபயரிங் பின் (விசையை அழுத்தியதும் தோட்டாவைத் தட்டுகிற ஊசி) அடித்த தடம் ஆழமாக, பளிச்சென்று இருக்கிறது. அதே தோட்டாவைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, விளிம்பின் வேறு இடத்தில் அடி விழுகிற மாதிரி சுட்டால் படாரென்று வெடிக்கிறது! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் தயாரித்தவர்களுக்குப் புகார் எழுதினால் வருகிற பதில் என்ன தெரியுமா? "துப்பாக்கியைச் சுத்தம் செய்யுங்கள், ஃபயரிங் பின் ஸ்பிரிங்கை மாற்றிப் பாருங்கள்." ஐயா, ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் தடம் மேலோட்டமாக விழும், அது எங்களுக்கும் தெரியும். படம் எடுத்து அனுப்பியும் அதே பதில்தான்.

கோளாறு எங்கே என்பது ஒன்றும் ரகசியமில்லை. சென்டர்ஃபயர் தோட்டாவில் நடுவில் தனியாக ஒரு பிரைமர், அதாவது அடி பட்டதும் பற்றி வெடிமருந்தைக் கொளுத்துகிற சின்ன மூடி இருக்கும். ரிம்ஃபயரில் அந்த மூடி கிடையாது. ஈரமான பிரைமர் கலவையைக் கூட்டுக்குள் போட்டு வேகமாகச் சுழற்றி, அந்தக் குறுகலான விளிம்புக்குள் சுற்றிலும் பரவச் செய்ய வேண்டும். ஒரு இடத்தில் பரவாமல் போனால், ஃபயரிங் பின் அந்த இடத்தில்தான் அடித்தது என்றால், டக். இந்த ரகத்தில் நாங்கள் சுடுகிற .22 லாங் ரைஃபிள் 1887-ல் வந்த தோட்டா. இத்தனை காலம் செய்து பழகிய பிறகும் விளிம்பு முழுக்கக் கலவை பரவியிருக்கிறதா என்று பார்க்க முடியவில்லையா?

வெடிக்காத தோட்டாவையாவது மன்னித்துவிடலாம். எனக்கு வயிற்றைக் கலக்குவது அரைகுறையாக வெடிக்கிறதுதான். 'புஸ்' என்று ஒரு சத்தம், தோளில் உதைப்பே இல்லை, இலக்கில் ஓட்டையும் இல்லை. மருந்து குறைவாக இருந்ததால் ஈயக்குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் உப்பிவிடும், வெடிக்கவும் கூடும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிற செமி ஆட்டோமேட்டிக்கில் வேகமாகச் சுடுகிற புதியவர் ஒருவருக்கு அந்தச் சத்த வித்தியாசம் காதில் விழுமா? சந்தேகம் வந்தால் நிறுத்தி, தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். விளிம்பு கிழிந்து வாயு பின்பக்கம் பீறிட்ட கூடுகளையும் பார்த்திருக்கிறேன், கண்ணாடி போடாமல் சுடுகிறவர்களை என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

மொத்தமாகக் கொட்டி அடைத்த டப்பாக்களைத் திறந்தால் அது இன்னொரு கூத்து. குண்டு கூட்டுக்குள் கிலுகிலுப்பை மாதிரி ஆடுகிறது, விரலால் பிடித்துச் சுற்றினால் சுற்றுகிறது. சிலதில் ஈயம் ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. இதைப் போட்டு 50 மீட்டரில் கொத்தாக விழ வேண்டுமாம்! நொடிக்கு சுமார் 330 மீட்டர் வேகத்தில் போக வேண்டிய குண்டு 10 மீட்டர் குறைந்து போனாலே அந்தத் தூரத்தில் ஏழு மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே இறங்கிவிடும். 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். அப்படியானால் நான் பிடித்த குறி எங்கே, மூச்சுப் பயிற்சி எங்கே?

"மலிவான தோட்டாதானே, அப்படித்தான் இருக்கும்" என்று சமாதானம் சொல்ல ஒரு கூட்டமே உண்டு. மலிவென்றால் குண்டு கொஞ்சம் சிதறி விழட்டும், ஒத்துக்கொள்கிறேன். வெடிப்பதும் குழலை விட்டு வெளியே போவதும் மலிவு விலையில் சேராதா? கெட்டுப்போன ரிம்ஃபயரை சென்டர்ஃபயர் மாதிரி வீட்டில் பிரித்து மறுபடி நிரப்பவும் வழியில்லை, அப்படியே பாதுகாப்பாக ஒதுக்க வேண்டியதுதான்.

கடைசியாகக் கேட்பார்கள் பாருங்கள் ஒரு கேள்வி: "லாட் எண் என்ன?" அதாவது, ஒன்றாகத் தயாரான எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று. அந்த எண்ணை அச்சடித்திருப்பது பெட்டியைத் திறக்கும்போது முதலில் கிழிகிற மடிப்பில். அதையும் ஒட்டவைத்து, படித்து, எழுதி அனுப்பினேன். இன்னொரு பெட்டி அனுப்பி வைத்தார்கள். அதே லாட்.