பச்சை டிக், சிவப்பு இன்டு

நாலு நாளாக அந்தப் படத்தில் என்னை டேக் செய்துகொண்டே இருக்கிறீர்கள். நேற்று இரவு வரை பதினோரு பேர். பார்த்துவிட்டேன். இடது பக்கம் சீக்கியம், வலது பக்கம் இஸ்லாம். அடிமைமுறை, பெண்ணுரிமை, சமத்துவம் என்று மூன்று வரிசை. அந்தப் பக்கம் மூன்று பச்சை டிக், இந்தப் பக்கம் மூன்று சிவப்பு இன்டு. கீழே, "இதுக்கு என்ன சொல்லப் போறீங்க மேடம்?"

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று நம்ம ஆட்களும் ஒரு பதில் படம் போட்டார்கள். அப்படியே திருப்பிப் போட்ட படம். அடிமையாக இருந்து விடுதலையான நபித்தோழர் பிலால் (ரலி) பாங்கு, அதாவது தொழுகை அழைப்பு, சொன்னதற்கு ஒரு டிக், பஞ்சாபில் பெண் குழந்தைகள் குறைந்துபோனதற்கு ஒரு இன்டு. அதிலும் என்னை டேக் செய்திருக்கிறார்கள், "சரியான அடி" என்று. அதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வசனத்தை வசனத்தோடு வையுங்கள். நடந்ததை நடந்ததோடு வையுங்கள். நம் வீட்டு வேதத்தை ஒரு தட்டிலும் பக்கத்து வீட்டு வரலாற்றை இன்னொரு தட்டிலும் வைத்தால் எந்த மதம் வேண்டுமானாலும் ஜெயிக்கும். இரண்டு படமும் செய்திருப்பது அதைத்தான்.

வசனத்தோடு வசனமா? வாருங்கள். அரசர்களைப் பெற்றெடுப்பவளை எப்படித் தாழ்ந்தவள் என்று சொல்வீர்கள் என்று 'ஆசா தி வார்' என்ற பாடலில் குரு நானக் கேட்கிறார். உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம், எந்தக் குற்றத்துக்காக நீ கொல்லப்பட்டாய் என்று மறுமையில் கேட்கப்படும் என்கிறது குர்ஆனின் 81வது அத்தியாயம். ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டு இடைவெளியில், இரண்டு வேறு மண்ணில், பெண் பிறந்தால் முகம் சுளிக்கிறவனைப் பார்த்துக் கேட்ட கேள்விகள் இவை. இதில் எதற்கு டிக், எதற்கு இன்டு?

இப்போது நடந்ததற்கு வருவோம். இங்கே எனக்கு வலிக்கும், பரவாயில்லை.

பிலாலின் கதையைக் கேட்டுத்தான் நான் தூங்கியிருக்கிறேன். அத்தா சொல்வார். சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் பாறையை ஏற்றிய கதை. "அஹத், அஹத்" (இறைவன் ஒருவனே) என்று அவர் முனகியதை அத்தா சொல்லும்போது குரல் உடையும். நபியின் தோழர் அபூபக்ர் (ரலி) விலை கொடுத்து அவரை விடுவித்தது, 630இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்ட நாளில் அந்தக் கறுப்பு மனிதர் கஅபாவின் மேலேறி பாங்கு சொன்னது, எல்லாம் எனக்கு மனப்பாடம். அடிமையை விடுவிப்பதை நன்மை என்று குர்ஆன் திரும்பத் திரும்பச் சொல்கிறது. தெரியாமல் நடந்த கொலைக்குப் பரிகாரம் அடிமையை விடுவிப்பது. சத்தியத்தை முறித்தால் சொல்லப்படும் பரிகாரங்களில் ஒன்று அது. ஜகாத் என்ற கட்டாய தர்மப் பணத்தில்கூட அதற்கென்று ஒரு பங்கு உண்டு.

ஆனால் கல்லூரி முடித்த வயதில், தமிழ் மொழிபெயர்ப்பில் முதல் முறையாகக் குர்ஆனை முழுக்கப் படித்தபோது "உங்கள் வலக்கரம் சொந்தமாக்கிக்கொண்டவர்கள்" என்ற சொற்களில் வந்து நின்றுவிட்டேன். யார் இவர்கள்? அடிமைப் பெண்கள். ஒரு ஆலிமிடம், மார்க்க அறிஞரிடம், கேட்டேன். "அது அந்தக் காலம்மா" என்றார். அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் எழுந்துவிட்டார். எனக்குப் பிலாலைச் சொல்லிக் கொடுத்தார்கள். 869இல் ஈராக்கின் பாஸ்ரா பக்கம் உவர்நிலத்தில் வேலை வாங்கப்பட்ட கறுப்பின அடிமைகள் கிளர்ந்தெழுந்து பதினான்கு வருடம் போராடியதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சவூதி அரேபியா அடிமைமுறையை ஒழித்தது 1962இல். மொரிட்டானியா 1981இல். அங்கே அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கவே 2007 ஆனது.

"இஸ்லாம் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழித்தது" என்று இதற்குக் கீழே கமெண்ட் போட வருகிற சகோதரர்களே, நானும் அந்த வாக்கியத்தைச் சொல்லி வளர்ந்தவள்தான். நபி (ஸல்) மறைந்தது 632. மொரிட்டானியா 1981. நடுவில் 1,349 வருடம். எத்தனை படி அது? எல்லாச் சமூகத்திலும் இருந்ததுதானே என்கிறீர்கள். இருந்தது. பிரிட்டன் 1833 வரை, அமெரிக்கா 1865 வரை வைத்திருந்தார்கள். அவர்கள் பாவம் நம் பாவத்தைக் கழுவாது. 2014இல் ஈராக்கின் சிஞ்சாரில் யஜீதி என்ற சிறுபான்மை மதத்துப் பெண்களை ஐஎஸ் கும்பல் அடிமைகளாக விற்றபோது உலகம் முழுவதிலிருந்தும் 120க்கும் மேற்பட்ட அறிஞர்கள், அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவருவது ஹராம் என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எத்தனை நூற்றாண்டு முன்னால் எழுதியிருக்க வேண்டிய கடிதம் என்றுதான் ஓடியது.

சரி, இப்போது முதல் படத்தின் ஆட்கள். அடிமையை எப்படி வைத்துக்கொள்வது என்று சீக்கிய வேதத்தில் விதி எதுவும் இல்லை. உண்மை, ஒப்புக்கொள்கிறேன். மனைவி கணவனோடு தீயில் விழுவதைக் குரு அமர் தாஸ் 16ஆம் நூற்றாண்டிலேயே கண்டித்தார். அதுவும் உண்மை. 1839இல் சீக்கிய அரசர் மகாராஜா ரஞ்சித் சிங்கின் சிதையில் எரிந்தவர்கள் யார் தெரியுமா? நாலு ராணிகள். அவர்களோடு ஏழு அடிமைப் பெண்கள். குருவின் சொல்லும் இருந்தது, அந்தச் சிதையும் எரிந்தது. ராணிகளாவது பட்டுடுத்தி வந்தார்கள். அந்த ஏழு பேரை யார் கேட்டார்கள்? இந்த ஏழு பேரையும் உங்கள் படத்தின் "அடிமைமுறை" வரிசையில் எங்கே உட்கார வைப்பீர்கள்?

குருவுடைய மார்க்கத்தின் குறை என்று இதைச் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படித் திரிக்காதீர்கள். பெண் குழந்தையைக் கொன்றவனோடு உறவே வைக்காதே என்று சீக்கியர்களின் கால்சா ஒழுக்க விதி சொல்கிறது. அதே மண்ணில், குரு நானக்கின் வழிவந்த 'பேடி' (Bedi) குலத்துக் குடும்பங்களிலேயே 19ஆம் நூற்றாண்டில் பெண் சிசுக்கள் கொல்லப்பட்டது பதிவாகியிருக்கிறது. நபியின் பேரனைக் கர்பலாவில் வெட்டியவர்களும் தொழுகிற கூட்டம்தான். ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 798 பெண் குழந்தைகள் என்று 2001 கணக்கெடுப்பில் பஞ்சாப் நின்றது. 2011இல் 846. பதில் படம் போட்ட நம்ம ஆட்கள் இந்த எண்ணைத்தான் கொண்டாடுகிறார்கள். பிறக்காமல் போன குழந்தைகளின் கணக்கை எடுத்து வந்து "சரியான அடி" என்று எப்படி எழுத வருகிறது?

நான் பஞ்சாபைப் புத்தகத்தில் படித்துவிட்டுப் பேசவில்லை. வீட்டுக்காரருக்கு வங்கி வேலை. மாற்றலில் மாலேர்கோட்லாவில் ஏழு வருடம் இருந்தோம். குரு கோபிந்த் சிங்கின் இரண்டு சின்ன மகன்களைச் சிர்ஹிந்தில் சுவரில் வைத்துக் கட்டச் சொன்னபோது, இது மார்க்கத்துக்கே விரோதம் என்று எதிர்த்துப் பேசிய நவாப் ஷேர் முகம்மது கானின் ஊர். அந்த ஒரு பேச்சுக்காக 1947இல் பஞ்சாபே எரிந்தபோதும் அந்த ஊரைச் சீக்கியர்கள் தொடவில்லை என்பார்கள். அங்கே ஒரு சீக்கியக் குடும்பத்தின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரம்மாவைப் பீஜி என்போம். என்னை அவர் "புத்" என்றுதான் கூப்பிடுவார். புத் என்றால் மகன். பாசம் வந்தால் அங்கே மகளையும் மகன் என்றுதான் அழைப்பார்கள்.

பீஜிதான் என்னை அமிர்தசரஸுக்குக் கூட்டிப் போனார். துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலில் கால் நனையும் தண்ணீரில் இறங்கி ஏறி, தர்பார் சாகிப்புக்குள், அதாவது பொற்கோயிலுக்குள், போனேன். யாரும் பெயர் கேட்கவில்லை. லங்கரில், எல்லாருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடுகிற கூடத்தில், வரிசையில் உட்கார்ந்தோம். ரொட்டி கொண்டுவந்த பெரியவரிடம் ஒரு கையை நீட்டினேன். அவர் தராமல் அப்படியே நின்றார். பக்கத்தில் இருந்த பெண், முன்பின் தெரியாதவள், மடியில் கிடந்த என் இன்னொரு கையை எடுத்து முதல் கையோடு சேர்த்துவைத்தாள். அங்கே இரண்டு கையாலும் ஏந்தித்தான் ரொட்டி வாங்க வேண்டும். நான் வளர்ந்த தெருவின் பள்ளிவாசலுக்குள் இந்த வயது வரை ஒருமுறைகூட நான் போனதில்லை. அன்று தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். பீஜி காரம் என்று நினைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். எனக்குச் சீக்கியத்தின் மேல் மரியாதை இல்லை என்று எழுதியவர் இதைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

ஆனால் நான் போன நாட்களில் எல்லாம் உள்ளே கீர்த்தனை பாடியவர்கள் ஆண்கள் மட்டும். பெண்களையும் பாடவிடுங்கள் என்று 2019 நவம்பரில் பஞ்சாப் சட்டமன்றமே தீர்மானம் போட வேண்டியிருந்தது. குரு கிரந்த் சாகிப்பில் தோல் தைத்த ரவிதாஸின் பாடல் இருக்கிறது, நெசவாளி கபீரின் பாடல் இருக்கிறது, எங்கள் ஷேக் ஃபரீதின் பாடல் இருக்கிறது. அதே பஞ்சாபில் தலித்துகளுக்குத் தனிக் குருத்வாரா, தனிச் சுடுகாடு உள்ள ஊர்களும் இருக்கின்றன. நாங்கள் மட்டும் என்ன ஒழுங்கு? தொழுகை வரிசையில் தோளோடு தோள் உரச நிற்போம். பெண் கேட்டு வந்தால் அஷ்ராஃபா (உயர்குலமா), அஜ்லாஃபா (தாழ்குலமா) என்று வம்சம் விசாரிப்போம்.

பீஜியின் வீட்டுக்காரர் இறந்த வருடம் மகள் லூதியானாவிலிருந்து வந்தாள். அண்ணன் காரில் ஏற்றித் தாசில் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனான். பீஜிக்குத் துணையாக நானும் போனேன். எழுதி வைத்திருந்த தாளை மேசையில் போட்டார்கள். தகப்பன் நிலத்தில் தன் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுக்கிறாள் என்று தாள். சீக்கியர்களுக்கும் பொருந்துகிற 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் அவளுக்கும் பங்கு தருகிறது. அவள் பேனாவை மூடியோடு பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். பீஜி சொன்னார், "போட்டுடு புத்."

அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது. நிலத்தை விடச் சொல்லும்போதும் "மகனே" என்றுதான் கூப்பிட்டார்.

சாயங்காலம் அண்ணன் ஒரு சூட் துணியும் இனிப்புப் பெட்டியும் வாங்கிக் கொடுத்தான். மாடிப்படியில் உட்கார்ந்து அவள் என்னிடம் சொன்னாள், "பங்கு வாங்கிக்கிட்டா நாளைக்குப் பிறந்த வீட்டுக் கதவை எனக்கு யார் திறப்பா?"

அடுத்த குளிர்காலத்தில் எதிர்வீட்டு ஆபாவுக்கும் (முஸ்லிம் அக்கா) அதே கதை. தகப்பனுக்குக் காய்கறித் தோட்டம். அண்ணன்மார் ஐந்து வேளையும் தொழுகிறவர்கள். "ஆபா, அந்நிஸா அத்தியாயத்தில் மகளுக்குப் பங்கு இருக்கிறதே" என்று கேட்டேன். "தெரியும். பெருநாளைக்கு அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டாமா?" என்றார். மகனுக்குக் கிடைப்பதில் பாதிதான் மகளுக்கு என்று படத்தில் இன்டு போட்டிருக்கிறீர்கள். அந்தப் பாதியும் ஆபாவுக்குக் கிடைக்கவில்லை என்று யாருக்காவது தெரியுமா? 1937இல் சரீஅத் சட்டம் வந்தபோதே விவசாய நிலத்தை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். பஞ்சாபில் நிலத்தை ஆண்டது ஊர் வழக்கம். அந்த வழக்கத்துக்கு மதம் கிடையாது. சீக்கியப் பெண்ணையும் முஸ்லிம் பெண்ணையும் ஒரே கதவின் வெளியே நிறுத்தியது.

"நடுநிலை வேஷம் போட்டு நல்ல பேர் வாங்கப் பார்க்கிறீங்க" என்கிறார் ஒருவர். ஐயா, இந்தப் பதிவுக்குப் பிறகு என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் என்னோடு பேச மாட்டார்கள். எந்த நல்ல பேர்?

இன்னொருவர் இன்பாக்ஸில் வந்து, "உங்களை மாதிரிப் பெண்களை விடுவிக்கத்தான் இதெல்லாம் போடுறோம்" என்று எழுதினார். பத்து வருடமாக என் நட்புப் பட்டியலில் இருக்கிறவர். என் அத்தா மௌத்தானபோது வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தவர். போன மாதம் என் மகளுக்கு வாடகை வீடு தேடியபோது, பெயரைக் கேட்டதும் "வீடு முடிஞ்சிருச்சு" என்று சொன்னவர்கள் மூன்று பேர். அதைப் பற்றி எழுதினேன். அதற்கு இவர் ஒரு லைக்கூடப் போடவில்லை. என் விடுதலை மேல் அக்கறை இந்தப் படம் வந்த பிறகுதான் வந்ததா?

கோபத்தில் எங்கேயோ போகிறேன். நிலத்துக்கே வருகிறேன், எனக்கு அதுதான் முக்கியம். சங்ரூர் பக்கத்துக் கிராமங்களில் பஞ்சாயத்துப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கு தலித்துகளுக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பெரிய விவசாயிகள் தங்களிடம் வேலை செய்கிறவன் பெயரிலேயே ஏலம் எடுத்துத் தாங்களே உழுதுகொண்டிருந்தார்கள். கடந்த பத்துப் பன்னிரண்டு வருடமாக அந்தத் தலித் பெண்கள் ஏலம் நடக்கிற இடத்துக்கே போய் உட்கார்ந்து, அடி வாங்கி, சிறைக்குப் போய், பல ஊர்களில் அந்த நிலத்தைக் கூட்டாகக் குத்தகைக்கு வாங்கியிருக்கிறார்கள். மாட்டுக்குப் புல் அறுக்க இன்னொருவன் வரப்பில் ஏறித் திட்டு வாங்கியவர்கள், இப்போது தங்கள் வயலில் அறுக்கிறார்கள். அடிமைத்தனம், பெண்ணுரிமை, சமத்துவம், உங்கள் மூன்று வரிசையும் அந்தப் புல்கட்டில் இருக்கிறது. அவர்களைப் பற்றி ஒரு படம், ஒரு ஷேர், என் டைம்லைனில் இதுவரை வந்ததில்லை.

அதனால் படம் செய்கிற தம்பிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு பக்கத்துக்கும் சொல்கிறேன். நாலாவதாக ஒரு வரிசை சேருங்கள். "அப்பன் நிலத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்தாயா?" என்று எழுதுங்கள். வேதத்தைப் பார்த்து வேண்டாம், உங்கள் வீட்டுப் பத்திரத்தைப் பார்த்துக் குறி போடுங்கள். போட்டுவிட்டு என்னை டேக் செய்யுங்கள், வருகிறேன். அதுவரை வேண்டாம்.