முதலில் மூக்கைத் தாழ்த்துங்கள்
ஒற்றை என்ஜின் சிறு விமானம் மேலெழுந்ததுமே என்ஜின் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கட்டுரையில், "500 அடி எட்டிவிட்டால் ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம்" என்று வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. 180 டிகிரி திரும்பினாலும் ஓடுபாதையை விட்டு ஒதுங்கித்தான் இருப்போம். அதன் நேர்கோட்டைப் பிடிக்க, எதிர்த்திருப்பமும் சேர்த்து, 240 டிகிரிக்கு மேல்கூட ஆகும். 45 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும்) சுமார் 19 சதவீதம் கூடிவிடுகிறது. தரை நெருங்குவதைக் கண்டு விமானி கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னுக்கு இழுத்து, ரடரையும் (வாலில் உள்ள திசைத்துடுப்பு) கூடுதலாக மிதித்தால் ஸ்பின்தான், அதாவது விமானம் சுழன்றபடியே கீழே விழும். அதிலிருந்து மீள அந்த உயரம் போதவே போதாது.

ஏற்றத்தில் மூக்கு மேல்நோக்கி இருப்பதால் என்ஜின் நின்றதுமே வேகம் மளமளவென்று சரியும். திகைப்பிலேயே சில விநாடிகள் போய்விடும். அதனால் முதல் வேலை மூக்கைத் தாழ்த்துவது. செஸ்னா 172எஸ் விமானக் கையேடு, ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் மடிப்பு) இல்லாமல் 70 நாட் (மணிக்கு 70 கடல் மைல்), ஃபிளாப் இறக்கினால் 65 நாட் வேகம் வைக்கச் சொல்கிறது. பிறகு நேர் எதிரே, தடைகளை விலக்கும் அளவுக்கு மட்டும் லேசாகத் திரும்பி இறங்குங்கள்.

நேரமிருந்தால் மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவைக் கட்டுப்பாடு), எரிபொருள் வால்வு, இக்னிஷன் மூன்றையும் அடைத்துவிடலாம். மொத்த மின்சாரத்துக்கான மாஸ்டர் சுவிட்சை மட்டும் ஃபிளாப் இறக்கிய பிறகுதான் அணைக்க வேண்டும், ஏனென்றால் ஃபிளாப் மின்மோட்டாரில் இயங்குவது. கதவின் தாழைத் தரை தொடும் முன்பே திறந்து வையுங்கள். மோதலில் விமானத்தின் சட்டகம் நெளிந்தால் கதவு சிக்கிக்கொள்ளும்.