வரிசைகள் போருக்கு முன்பே வந்தன

தம்பி, '2022இல் இலங்கையில் நாங்கள் பொருட்களுக்கு வரிசையில் நின்றதற்கு உக்ரைன் போர்தான் காரணம், இங்கே யாரும் பிழை விடவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். இது சரியில்லை. ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்தது 2022 பெப்ரவரி 24ஆம் திகதி. திருகோணமலையில் நாங்கள் பால்மாவுக்கும் காஸுக்கும் அலைந்தது 2021இலேயே. உணவுப் பொருளுக்காக அவசரகால விதிமுறை வந்ததும் அந்த ஆகஸ்ட் கடைசியில்தான்.

வயலைப் பாருங்கள். இரசாயனப் பசளை இறக்குமதியை 2021 மே மாதம் தடை செய்தார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தினாலும் பெரும்போகத்துக்கு, அதாவது மாரிகால நெற்செய்கைக்கு, வேண்டிய யூரியா கைக்கு வரவில்லை. தைப்பொங்கல் கழிந்து தம்பலகாமத்தில் எங்கள் மாமாவின் வயலுக்குப் போனேன். பயிர் மஞ்சளாக, முழங்கால் உயரத்தில் நின்றது. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினார், பாதிக்கு மேல் பதர். மனுஷன் ஒன்றும் பேசவில்லை. அப்போது போர் தொடங்கவே இல்லை.

அதற்கும் முன்னால், 2019 டிசம்பரில் வற் எனும் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்து அரசின் வருமானத்தைக் கரைத்தார்கள். டொலர் கையிருப்பும் 2021இல் பெருமளவு கரைந்தது.

போர் எங்களைத் தொடவில்லை என்று சொல்லவில்லை. எண்ணெய், கோதுமை விலை ஏறியது, ரஷ்ய, உக்ரைன் உல்லாசப் பயணிகள் குறைந்தார்கள், அடி இன்னும் பலமாக விழுந்தது. ஆனால் அங்கே குண்டுக்குள் சாகும் சனத்தின் துயரத்தைக் காட்டி இங்கே முடிவெடுத்தவர்களைத் தப்ப விடாதீர்கள். தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.