ஐ9 அப்புறம், மாப்பிள்ளை. முதலில் எஸ்எம்பிஎஸ்

தங்கச்சிமடத்தில் இருக்கும் என் தங்கை மகன் கேமிங் கம்ப்யூட்டர் போடப் போகிறான். தடைக்காலம் முடிந்து படகு இறங்கி, தங்கையும் சீட்டு எடுத்து, 80,000 ரூபாய் கையில் நிற்கிறது. "மாமா, லிஸ்ட் பாருங்க" என்று போன வாரம் வாட்ஸப்பில் அனுப்பினான். முதல் வரியில் இன்டெலின் ஐ9-14900கே ப்ராசஸர். பணத்தில் பாதி அதற்கே போய்விடும். கடைசி வரியில், கேபினட்டோடு சேர்த்துத் தரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது.

அவனிடம் போனில் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். தொண்டியிலிருந்து கீழக்கரை வரை நம் கரையில் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள்.

எனக்கும் ஒருமுறை அப்படி ஒரு எஸ்எம்பிஎஸ் வாய்த்தது. வாடைக் காற்றும் மழையும் அடித்த ஓர் இரவு, கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. மூன்றாவது தடவை வந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் கருகல் வாடை. மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தே போய்விட்டன. மறுநாள் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன், ஒரு டப்பா பிஸ்கட் அளவுக்குக்கூடக் கனமில்லை. மேலே பெரிய எழுத்தில் 500 வாட். பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒரு கட்டம்: 12 வோல்ட், 16 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 192 வாட்தான். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு ஒன்றே 115 வாட் கேட்கும். 65 வாட் என்று போட்டிருக்கும் ரைசன் ப்ராசஸர் முழு வேகத்தில் 88 வாட் வரை போகும். இரண்டும் சேர்ந்தாலே 192-ஐத் தாண்டிவிடுகிறது.

அதனால் கடையில் எஸ்எம்பிஎஸ் பெட்டியைக் கையில் வாங்கி, அந்தக் கட்டத்தைப் படியுங்கள். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு நேரே 45 ஆம்பியர் போல இருக்கும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான '80 ப்ளஸ் ப்ரான்ஸ்' (80 Plus Bronze) முத்திரையும் ஐந்து வருட வாரண்டியும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே மிச்சம் பிடிக்கும் இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு மற்ற எல்லாப் பாகமும் பிணை நிற்கிறது.

அடுத்தது உப்பு. சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து வீடியோ போடுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை, அவர்களுக்கு அது தேவையுமில்லை. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்குத் துருவோடு போராடுவதே வேலையாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத கம்பி போட்டு, பாலிசிலாக்ஸேன் என்ற தனிப் பூச்சும் பூசியிருக்கிறார்கள். இரும்புப் பாலத்துக்கே இவ்வளவு பார்க்க வேண்டிய காற்று, தலைமுடி போல மெல்லிய செம்புக் கோடுகள் ஓடும் மதர்போர்டை என்ன செய்யும்?

அவனுடைய பழைய கம்ப்யூட்டரைப் போன மாதம்தான் திறந்தேன். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராக, முதுகைக் காட்டி வைத்திருந்தான். ஃபேன் வலையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஸ்க்ரூ தலையில் துரு ஏறி, திருப்புளி வழுக்கியது. யாரும் கேபிள் செருகாத யுஎஸ்பி துளைகளின் உள்ளே பழுப்புக் கறை. ராமைக் கழற்றினால் தொடுமுனையில் பொட்டுப் பொட்டாகக் களிம்பு. ஸ்கூல் ரப்பரை வைத்து மெதுவாகத் தேய்த்தபின்தான் திரையில் படம் வந்தது.

உப்புத் தூசி காய்ந்து கிடக்கும்வரை பெரிய பாதிப்பு இல்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும், சமையலறை உப்பு ஜாடியில் பார்ப்பதுதானே. போர்டின் மேல் அது நடந்தால் மின்சாரம் போகக்கூடாத வழியில் போகும். கம்ப்யூட்டர் ஓடும்போது உள்ளே சூடு இருப்பதால் ஈரம் தங்காது. பரீட்சை என்று ஒரு மாதம் அணைத்துப் போடும்போதுதான் கெடுகிறது. அந்த நாட்களிலும் தினம் அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். தூசி வலையைக் கழற்றிக் கழுவ முடிகிற கேபினட் வாங்குங்கள். கண்ணாடியும் கலர் விளக்கும் அழகுதான், ஆனால் கச்சான் காற்றில் மணலும் உப்பும் சேர்ந்து வரும்போது வலை வேண்டும். சும்மா இருக்கும் துளைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள், சில்லறைக் காசுதான்.

சரி, ப்ராசஸருக்கு வருகிறேன். ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். ஏசி இல்லாத அறையில், சித்திரை வெயிலில், அந்தச் சூட்டை யார் வெளியேற்றுவது? இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை கே வகை ப்ராசஸர்கள் வோல்டேஜ் கோளாறால் நிலைகுலைந்ததும், 2024-ல் பயாஸ் (மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) வழியாக அதற்குத் திருத்தம் கொடுத்து வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியதும் நடந்த கதைதான்.

அவன் விளையாடப் போவது சாதாரண 1080பி திரையில். வேலரண்ட் போன்ற ஆட்டங்கள் ப்ராசஸரை நம்பி ஓடுபவை, உண்மைதான். ஆனால் அதற்கு ஆறு கோர் (ப்ராசஸருக்குள் வேலை செய்யும் தனித்தனி மூளைகள்) போதும். பெரிய கதை ஆட்டங்களில் பாரம் கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான். நண்பன் வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கச் சொன்னேன்: ஆட்டத்தின் ரெசல்யூஷனைக் குறை. எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்ற கணக்கு) ஏறினால் திணறியது கார்டு. ஏறாவிட்டால் ப்ராசஸர்.

என் தேர்வு ஏஎம்டியின் ரைசன் 5 7600. ஆறு கோர், 65 வாட், ஃபேனும் பெட்டியிலேயே வருகிறது. இந்த ப்ராசஸர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டை 2027-க்குப் பிறகும் தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, அதனால் வேலைக்குப் போனபின் அதே போர்டில் வேறு ப்ராசஸர் மாற்றிக்கொள்ளலாம். இதற்கு வேண்டிய டிடிஆர்5 ராம்தான் இடிக்கிறது. 2025 கடைசியிலிருந்து, ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளுவதால் விலை ஏறிக் கிடக்கிறது. பட்ஜெட் தாங்காவிட்டால் பழைய வகை ராம் போடும் டிடிஆர்4 போர்டோடு இன்டெலின் ஐ5-12400 போதும்.

கவனியுங்கள், 12400எஃப் இல்லை, வெறும் 12400. எஃப் போட்டதில் உள்ளேயே படம் காட்டும் வசதி கிடையாது. ஆயிரம் இரண்டாயிரம் குறைகிறதே என்று எல்லாரும் எஃப் வாங்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கிராபிக்ஸ் கார்டு பழுதானால் மதுரைக்கோ சென்னைக்கோ போய்த்தான் வர வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பிள்ளை காலேஜ் ப்ராஜெக்ட்டை எதில் செய்வான்? 12400-லும் 7600-லும் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினால் வேலை ஓடும்.

மிச்சப் பணத்தில் பெரும்பங்கு கார்டுக்கு. ஆனால் யுபிஎஸ்ஸுக்கு எடுத்து வைத்தபின்தான். 600 விஏ என்பது 360 வாட் அளவுக்குத் தாங்கும், சேவ் செய்து அணைக்க அது போதும். அதற்கும் முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்கிறதா? நம் மண்ணில் எர்த் கம்பி சீக்கிரம் அரித்துப் போகும். என் தங்கை வீட்டில் தோண்டிப் பார்த்தபோது பாதிக் கம்பிதான் இருந்தது.

புது லிஸ்ட் நேற்று ராத்திரி வந்தது. 7600, 550 வாட் எஸ்எம்பிஎஸ், வலை வைத்த கேபினட். மேசையையும் ஜன்னலை விட்டு உள்சுவருக்கு நகர்த்திவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போகிறோம். பில்லை அங்கேயே போட்டோ எடுக்கச் சொல்லியிருக்கிறேன். கடையில் தரும் அந்த வழவழத் தாளில் ஒரு வருடத்தில் எழுத்து மறைந்துவிடும், வாரண்டிக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.