பன்றிச் சிறுநீரகம் வந்தாலும் உறுப்பு தானம் தேவைதான்
"அமெரிக்காவில் பன்றிச் சிறுநீரகம் பொருத்திவிட்டார்கள், இனி உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்யவே வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி, இரண்டாவதுதான் உதைக்கிறது. 2024 மார்ச்சில் பாஸ்டனில் ரிச்சர்ட் ஸ்லேமனுக்குப் பொருத்தியது ஏதோ பண்ணைப் பன்றியின் சிறுநீரகம் அல்ல, 69 மரபணு மாற்றங்கள் செய்த பன்றியினுடையது. சாதாரணப் பன்றியின் உறுப்பில் இருக்கும் ஒரு சர்க்கரையை நம் உடல் கண்டதுமே தாக்கி, சில மணி நேரத்திலேயே உறுப்பைக் கெடுத்துவிடும். ஸ்லேமன் சுமார் இரண்டு மாதத்தில் இறந்தார் (மாற்று உறுப்புதான் காரணம் என்பதற்கு அறிகுறி இல்லை என்றது மருத்துவமனை). அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் டோவானா லூனிக்குப் பொருத்தியது 130 நாள் உழைத்தது; அப்புறம் உடல் நிராகரித்ததால் எடுத்துவிட்டார்கள், மறுபடி டயாலிசிஸ். பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்னும் சோதனைக் கட்டம். "பதிவு வேண்டாம்" என்ற வரியை மட்டுமாவது நீக்கிவிடுங்கள்.