சும்மா கிடக்கிற இடம் இல்லை அது

நண்பர்கள் வாட்ஸப் குழுவில் நேற்று ஒருவர் கேட்டிருந்தார்: "பிளசன்டன் ஃபேர்கிரவுண்ட்ஸ்ல குதிரைப் பந்தயமும் நின்னாச்சு. ஃபேர் நடக்குற சில வாரத்துக்காக அவ்வளவு பெரிய இடம் சும்மா கிடக்கணுமா? வீடு கட்டலாமே?"

கலிபோர்னியாவில் எங்கள் பக்கத்து ஊர் பிளசன்டன். ஃபேர்கிரவுண்ட்ஸ் என்பது, கவுண்டி (மாவட்டம் மாதிரி) வருஷா வருஷம் நடத்தும் ஃபேர் என்ற திருவிழாச் சந்தைக்கான பொது மைதானம். இங்கே வீடு தேடி அலைந்த எனக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரிகிறது. ஆனாலும் கூடாது என்றுதான் சொல்வேன். குழுவில் நாலு வரியில் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த மைதானத்தின் குதிரை ஓட்டப்பாதை 1858-ல் பெர்னால் குடும்பத்தார் போட்டது. முதல் ஃபேர் நடந்தது 1912-ல். பழமை ஒன்றுக்காக மட்டும் நான் வாதாட வரவில்லை. 2021-ல் கொரோனா ஊசிக்கு எங்கே போனோம், ஞாபகம் இருக்கிறதா? அங்கேதான். காரைவிட்டு இறங்காமலே கண்ணாடியை இறக்கி, சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினேன். முன்னாலும் பின்னாலும் கார்கள். அத்தனையையும் உள்ளே விட்டு, ஊசி போட்டவர்களைக் கொஞ்ச நேரம் ஓரமாக நிறுத்தியும் வைக்க வேறு எங்கே இடம் இருந்தது?

2017-ல் சாண்டா ரோசா நகருக்குள் காட்டுத்தீ புகுந்தபோது, வீட்டைவிட்டு ஓடி வந்தவர்கள் சனோமா கவுண்டி ஃபேர்கிரவுண்ட்ஸில் படுத்தார்கள். அடுத்த வருஷம் பாரடைஸ் என்ற ஊர் எரிந்தபோது கிரிட்லியில் இருக்கும் பியூட் கவுண்டி மைதானம் கைகொடுத்தது. பெரிய கூடம், கழிப்பறை, ஆடு மாடு கட்டக் கொட்டகை, குதிரை ஏற்றிவந்த ட்ரெய்லரைத் திருப்ப இடம் எல்லாம் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. தீ வந்த பிறகு இதையெல்லாம் கட்ட முடியுமா?

பொது இடம் என்றாலே நல்லதுதான் நடக்கும் என்றும் நான் சொல்லவில்லை. 1942-ல், இரண்டாம் உலகப்போரின்போது, அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களை அடைத்துவைத்ததும் மெர்செட், துலாரி போன்ற ஊர்களின் ஃபேர் மைதானங்களில்தான். அதுவும் அந்த மண்ணின் கதைதான், மறக்கக் கூடாது.

இப்படி ஒரு மைதானத்தை விற்கவும் பார்த்தார்கள். 2009-ல் பட்ஜெட்டில் துண்டு விழுந்ததும், ஆரஞ்சு கவுண்டியின் காஸ்டா மீசாவில் உள்ள 150 ஏக்கர் ஃபேர் நிலத்தை விற்க, அப்போது கலிபோர்னியா கவர்னராக இருந்த ஷ்வார்ஸ்நெகரின் அரசு இறங்கியது. உள்ளூர்க்காரர்கள் விடவில்லை, கோர்ட் வரைக்கும் போனார்கள். ஜெர்ரி பிரவுன் கவர்னரான பிறகு, 2011-ல் அது கைவிடப்பட்டது. ஒரு வருஷத்துப் பற்றாக்குறைக்காக நிலத்தை விற்றிருந்தால், திரும்ப எந்த விலைக்கு வாங்கியிருக்க முடியும்?

போன கோடையில் என் பையனைப் பிளசன்டன் ஃபேரில் ஆட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். ஆடு மாடு வளர்க்கவெல்லாம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் ஃபோர்-எச் (4-H) அமைப்பின் வெள்ளைச் சட்டையும் பச்சை டையுமாக ஒரு சிறுமி, பத்து வயது இருக்கும், மரத்தூளில் முட்டிபோட்டு உட்கார்ந்து ஈரத் துணியால் ஆட்டின் காது மடிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குட்டியிலிருந்து அவளே வளர்த்ததாம். தீனிச் செலவைக்கூட ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். மறுநாள் ஏலம். பவுண்டுக்கு இவ்வளவு என்று உள்ளூர் ஆட்கள் கேட்பார்கள். ஏலம் போன ஆடு எங்கே போகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அப்பா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகமாட்டாளா?" என்று என் பையன் கேட்டான். இறைச்சி என்றால் பிளாஸ்டிக் தட்டில் வருவது என்று நினைத்திருந்த பிள்ளை அவன். மாட்டாள் என்றேன். காரில் வீடு வந்து சேரும்வரை அவன் வாய் திறக்கவே இல்லை. இந்த வருஷ ஃபேர் எப்போது என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான்.