மெடல் வாங்காத பெண்களுக்கு கிரவுண்ட் எதற்கு?

நம் ஊர்க் கல்லூரி ஒன்றின் வாலிபால் பெண்கள் அழுகிற அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கல்லூரியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை, கடலூர்க்காரர்களுக்குச் சொல்லவும் வேண்டாம். பெண்கள் ஆடிக்கொண்டிருந்த வாலிபால் கோர்ட்டில் பேவர் பிளாக் பதித்து, ஸ்டாஃப் கார் பார்க்கிங் என்று போர்டும் மாட்டியாகிவிட்டது. அதைக்கூட விடுங்கள். அதற்கு நிர்வாகம் சொன்ன விளக்கம்தான் தாங்க முடியவில்லை. அந்த டீம் இத்தனை வருஷத்தில் ஒரு மெடல்கூட வாங்கவில்லையாம், இடம் சும்மாதான் கிடந்ததாம்.

சும்மா கிடந்ததா? அப்போது வீடியோவில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுத பிள்ளைகள் தினமும் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கோலம் போட்டார்களா?

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். மெடல் வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான் கிரவுண்டா? சரி, அப்படியென்றால் யூனிவர்சிட்டி ராங்க் வாங்காத டிபார்ட்மென்ட்டின் வகுப்பறைகளையும் காலி செய்து பைக் ஸ்டாண்ட் ஆக்கிவிடலாமே. யார் கேட்கப் போகிறார்கள்.

வாலிபால் கோர்ட் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். கார் உள்ளே வந்து திரும்ப வழி விட்டால் எட்டு கார் நிற்கும், நெருக்கினால் பத்து. அந்த எட்டுப் பத்து கார் வேப்ப மரத்தடியில் நின்றால் என்ன, பெயின்ட் மங்கிவிடுமா?

நான் படித்ததும் இப்படி ஒரு சின்னக் கல்லூரிதான். பிசிகல் டைரக்டர் என்று ஒரு சார் இருந்தார். காலையில் கேட்டில் நின்று ஐ.டி. கார்டு பார்ப்பார், பரீட்சைக்கு ஹால் சூப்பர்விஷன் போவார், விழா என்றால் மைக்செட்காரரைத் தேடி ஓடுவார். அதெல்லாம் முடிந்தபிறகு ஸ்டோர் ரூம் சாவி வரும். பந்து மூன்று இருந்தது, அதில் ஒன்றுக்குக் காற்று நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் கோர்ட் முழுக்கத் தண்ணீர். அதில்தான் ஆடினோம்.

நான் நன்றாக ஆடினேன் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் பெஞ்ச்தான். ஆனால் வாலிபாலில் ஒரு விஷயம் உண்டு. இரண்டு பேருக்கு நடுவில் வரும் பந்தை யார் எடுப்பது என்று ஒருத்தி கத்தியே ஆக வேண்டும். கத்தாவிட்டால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், பந்து நடுவில் விழும், பாயின்ட் போகும். எங்கள் டீமில் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், வகுப்பில் அட்டெண்டன்ஸுக்கு 'பிரசென்ட்' சொன்னால் பக்கத்து பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. முதல் மாதம் முழுக்க அவள் பக்கம் வந்த பந்தெல்லாம் கீழேதான் விழுந்தது. அப்புறம் ஒரு நாள் 'விடு, எனக்கு!' என்று போட்டாள் பாருங்கள் ஒரு சத்தம், கேன்டீனில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் வெளியே வந்து எட்டிப்பார்த்தார். அந்தச் சத்தத்துக்கு எந்த யூனிவர்சிட்டியில் மெடல் கொடுக்கிறார்கள்? நாங்கள் போன போட்டியில் முதல் ரவுண்டிலேயே நேர் செட்டில் தோற்று, எலுமிச்சை சாதப் பொட்டலத்தை வேனில் சாப்பிட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடி திரும்பினோம். நிர்வாகக் கணக்கில் அதுவும் சும்மா கிடந்ததுதான்.

'பையன்களும்தான் கிரவுண்ட் இல்லாமல் இருக்கிறார்கள், அதற்கும் பொங்குவீர்களா' என்று ஒருவர் கமென்ட்டில் கேட்டிருக்கிறார். பொங்குவேன். ஆனால் பையன்களுக்கு மஞ்சக்குப்பம் மைதானம் இருக்கிறது. சில்வர் பீச் மணல் இருக்கிறது. அதுவும் இல்லையா, அறுப்பு முடிந்த வயலில் ஸ்டம்ப் நடுவார்கள். நாலு பெண்கள் சில்வர் பீச்சில் நெட் கட்டி ஆடட்டும் பார்க்கலாம். நெட்டை இழுத்து முடிச்சுப் போடுவதற்குள் எத்தனை செல்போன் அந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களுக்கே தெரியும். காம்பவுண்டுக்குள் இருந்த அந்த ஒரு கோர்ட்தான் அவர்களுக்கு. அதிலும் மூன்றே வருஷம்.

சாயங்காலம் ஆடிவிட்டுப் போனால் பிள்ளைகளுக்கு பஸ் கிடைக்காது என்கிறவர்களோடு நான் சண்டை போட மாட்டேன், அது நியாயம். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கிராமங்களுக்கு டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. பிள்ளை இருட்டில் ஸ்டாப்பில் நிற்பதை எந்த அம்மா பொறுப்பாள்? என் அம்மாவும் பொறுக்கவில்லை. அதற்காகத்தான் டைம்டேபிளில் கடைசி பீரியடைக் கொடுங்கள் என்கிறேன். கல்லூரிக்குத் தரம் போடும் நாக் (NAAC) குழு வருகிற வாரத்தில் மட்டும் சுண்ணாம்புக் கோடு போட்டு, புது நெட் கட்டி, பிள்ளைகளை ஜெர்சியோடு நிறுத்தி போட்டோ எடுக்க நேரம் கிடைக்கிறதல்லவா? படிப்பு கெட்டுவிடும் என்பவர்களுக்குப் பதில் கிடையாது. அரியர் வைத்தவர்கள் எல்லாம் வாலிபாலா ஆடினார்கள்?

மெடல்தான் வேண்டும் என்றால் அதையும் பேசலாம். இந்திய அணிக்குக் கால்பந்து ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் நம் கடலூர்ப் பெண்கள். 2018-ல் இறுதிப் போட்டியில் மணிப்பூரை வென்று தமிழ்நாடு தேசிய சீனியர் கோப்பையை முதன்முறையாகத் தூக்கியபோது அந்த அணியில் இந்துமதி இருந்தார். மகளிர் தினத்துக்கு இவர்கள் படத்தை ஃப்ளெக்ஸில் போட எல்லாக் கல்லூரிக்கும் ஆசை. பந்தைத் தொட்ட முதல் வாரத்தில் அவர்களிடமும் மெடல் இருந்திருக்காது என்பது மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

இனி எனக்கு வந்த கமென்ட்டுக்கு வருகிறேன். 'இவங்க என்ன பெரிய பிளேயரா, கல்யாணம் ஆனதும் எந்தப் பொண்ணு வாலிபால் ஆடப் போகுது?' எழுதியவர் வெளி ஆள் இல்லை, என் சொந்தக்காரர். லைக் போட்டவர்களில் இரண்டு பேர் நான் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள். ஆமாம் அண்ணா, நான் பெரிய பிளேயர் இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் பந்தைத் தொடவும் இல்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் பேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என்ன மெடல் வாங்கினாய் என்று அண்ணி ஒரு நாளாவது கேட்டிருக்கிறார்களா? உங்கள் மகளுக்கு அடுத்த வருஷம் காலேஜ். அவளும் சுமாராக ஆடுகிற பெண்ணாக இருந்தால் என்ன சொல்லி உட்கார வைப்பீர்கள்?

அந்தக் கல்லூரியில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி நேற்று போன் செய்து, 'இந்தப் பிரச்சினையை இதோட விட்டுடுடி' என்றாள். அவள் நிலைமை எனக்குப் புரிகிறது, அவள் கார் அங்கே நிற்பதும் தெரியும். விட முடியாது. அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், இந்த வருஷ ஃபீஸ் ரசீதை எடுத்து விளையாட்டுக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெயரை மறைத்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொள்ளலாம்.